ஒன்பதாவது படம்

ஆழ்நீர் எனக்கு விலக்கு.
இருபத்தாறு வயதில் இடது செவிப்பறை கிழிந்தது,
அதன்பின் குளியல்தொட்டியில்கூடத்
தலையை நனைக்கப் பயம்.
அதனால் கடல்தான் என்னிடம் வருகிறது,
பெர்கன் அருங்காட்சியகத்தின் நிலவறைக்கு,
சாராய வாடை போகாத இந்த மேசைக்கு,
படம் படமாக.

படகு எந்திரம் பழுதுபார்க்கும் சிந்த்ரே கேட்பான்:
யாரும் பார்த்திராத ஒன்றுதானே இது?
இல்லை, சிந்த்ரே. எல்லோரும் பார்த்த ஒன்று.
ஓடில்லாத நத்தை.
முதுகில் கொத்தாய் நிற்பவற்றின் நுனியில்
தின்ற இரையிடம் களவாண்ட கொடுக்குகள்.
நிறத்தை விடு, எதன்மேல் இருந்தது, சொல்.
தின்பதை வைத்துத்தான்
பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியும்.

மார்ச் கடைசியில் யோர்டிஸ் என்றொருத்தி எழுதினாள்.
என் கணவர் ஐலிஃப்.
உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கலாம்.
அனுப்பியிருக்கிறார். பதினோரு ஆண்டுகள், எழுத்துப்பிழையோடு.
கேமராவை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.
ஒன்பது படங்கள் இருக்கின்றன.
பெயர் எழுதித் தருவீர்களா?
எதற்கு என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

முதலாவது, பதினொன்று நாற்பத்திரண்டு.
செத்த நத்தையின் ஓட்டில் குடியேறிய நண்டு.
இரண்டும் மூன்றும் ஒரே மீன், வலப்பக்கமும் இடப்பக்கமும்:
வயிற்றில் உறிஞ்சுவட்டு வைத்த குண்டு மீன், ஆண்.
பெண் முட்டையிட்டுப் போய்விடும்,
இவன் பாறையைப் பற்றியபடி
வாரக்கணக்கில் பட்டினி கிடந்து காப்பான்.
அதையும் எழுதினேன். பிறகு
அந்த வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று தெரியாமல்
அடித்துவிட்டு, 'ஆண்' என்பதோடு நிறுத்தினேன்.

நான்காவது.
வெளுத்து உப்பிய விரல்களாய்ப் பாறையில் முளைத்த மென்பவளம்.
இங்கே மீனவர் வாயில் இதற்குப் பிணக்கை என்று பெயர்.
முப்பது ஆண்டில் முதன்முறையாக
ஊர்ப்பெயரை விட்டு
லத்தீனை மட்டும் எழுதினேன்.

ஐந்து: பூ அல்ல, முட்டை நாடா, சுருளாக.
ஆறு: அதை இட்ட நத்தை. ஆணும் அதுவே, பெண்ணும் அதுவே.
ஏழு: தெரியாது.
தெரியாது என்றே எழுதினேன்.
இந்தக் குடும்பத்தில் பல்லைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது,
படத்தில் பல் விழுவதில்லை.
ஏதோ ஒரு பெயரைப் போட்டிருந்தால்
அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.
ஐலிஃபுக்குக் கோபம் வந்திருக்கும்.
எட்டு: அவருடைய கையுறை. கைதவறி விழுந்த படம்.

ஒன்பது, பன்னிரண்டு பத்தொன்பது.
கறுப்பு. அதில் வெள்ளைப் புள்ளிகள்.
வேறு யார் அனுப்பியிருந்தாலும்
'துகள். விளக்கைத் தள்ளிப் பிடிக்கவும்'
என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.
மேசைவிளக்கை அணைத்தேன்.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்,
காவலாளி சாவிக்கொத்தோடு வந்து இரண்டு முறை இருமினார்.
துகளென்றால் ஆளுக்கொரு வடிவம்.
இவை அப்படியில்லை. அடியில் தட்டை, மேலே குவிவு,
எல்லாமே ஒரே திசையில்.
மற்றவற்றுக்கு எழுதுவதுபோலவே அட்டையில் எழுதினேன்:
குமிழிகள்.
உயிரினம், மனிதர்.
மூச்சு வெளியே விடுகையில்.
மேல்நோக்கி.

தபாலில் சேர்த்தபின்
எழுதியிருக்க வேண்டாமோ என்று பதினைந்து நாள் இருந்தது.
பதினாறாம் நாள் பதில்:
நன்றி. அட்டைகளைப் படங்களின் பின்னால் ஒட்டிவிட்டேன்.
ஏழாவதன் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை சிந்த்ரே
அதே பாறைக்கு இறங்கினான், நான் கேட்காமலே.
ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைப் படமெடுத்துவந்து
இதேதான், இதேதான் என்றான்.
பார்த்தேன்.
நைலான் கயிற்றின் பிரிந்த நுனி.
மறுபடி போ, சிந்த்ரே.
எதன்மேல் இருக்கிறது என்று பார்த்து வா.